ஹார்ட்நாட் ஏற்றம்: கால் ஊன்றாமல் ஏற எத்தனை பல் வேண்டும்?

லெஸ்டர் வாசகர் ஒருவரின் கேள்வி, 3 மார்ச் 2022

ஜூன் மாதம் குடும்பத்தோடு வடமேற்கு இங்கிலாந்தின் மலைப்பகுதியான லேக் டிஸ்ட்ரிக்ட் போகிறோம். எஸ்க்டேல் பள்ளத்தாக்கின் பக்கத்திலிருந்து ஹார்ட்நாட் கணவாயைச் சைக்கிளில் ஏற எனக்கு ஆசை. வயது 46, எடை 74 கிலோ, வண்டி 10 கிலோ. முன்னால் சிறிய பல்சக்கரத்தில் 34 பல், பின்னால் பெரியதில் 32. வாரம் 100 கிலோமீட்டர் ஓட்டுகிறேன், ஆனால் இங்கே மேடு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. இந்த வண்டியில் இறங்காமல் ஏற முடியுமா? ஏறியவர்கள் சொல்லுங்கள்.

3 மார்ச், இரவு

முடியாது.

பின்னால் 36 பல் மாட்டுங்கள். முடிந்தால் முன்னாலும் 30 ஆக்குங்கள். ஏறிவிடலாம். ஹார்ட்நாட்டில் எல்லாம் பல்லில்தான் இருக்கிறது. நான் பிரஸ்டனில் இருக்கிறேன், அந்த ஏற்றத்தை 4 தடவை பார்த்தவன்.

இங்கிலாந்திலேயே மிகச் செங்குத்தான சாலை அது. சாய்வு 33 டிகிரி. எஸ்க்டேல் முடிகிற இடத்தில் ஒரு சிவப்புத் தொலைபேசிக் கூண்டு நிற்கும். அதைத் தாண்டினால் ஆடுமாடு கடக்காமல் இருக்கச் சாலையின் குறுக்கே பதித்த இரும்புக் கம்பிகள். அதன் பிறகு சுமார் 2 கிலோமீட்டரில் 300 மீட்டர் அளவுக்கு மேலே போக வேண்டும். உச்சி, கடல்மட்டத்திலிருந்து 393 மீட்டர். நம் ஊர் மலைகளை நினைத்துக்கொண்டு 393 தானே என்று சிரிக்காதீர்கள். உயரம் அங்கே ஆளைக் கொல்வதில்லை, சாய்வுதான் கொல்லும்.

ஒரு நிபந்தனை. ஒரு கால் ஒரு நொடி தரையில் பட்டாலும் ஏறியதாகக் கணக்கில்லை. இதில் சலுகை கிடையாது.

4 மார்ச்

காலையில் எழுந்து பார்த்தால் மூன்று பேர் என் காதைத் திருகியிருக்கிறார்கள். சரி, 33 டிகிரி இல்லை, 33 சதவீதம். கிடையாக 3 மீட்டர் போனால் 1 மீட்டர் உயரம் என்பதுதான் பொருள், டிகிரியில் அது 18 சொச்சம். உண்மையிலேயே 33 டிகிரி இருந்தால் 65 சதவீதம் ஆகிவிடும், அதில் அந்த மலைகளின் ஹெர்ட்விக் ஆடுதான் ஏறும். அடிவாரத்துப் பலகையில் 30 சதவீதம் என்றுதான் எழுதியிருக்கிறது. மிக மோசமான வளைவுகளுக்கு மட்டும் 33.

18 டிகிரி என்றதும் 'இவ்வளவுதானா' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். உங்கள் வீட்டு மாடிப்படியின் சாய்வில் ஏறக்குறைய பாதி அது. மாடிப்படியில் பாதியைச் சைக்கிளில் ஏறிப் பார்த்துவிட்டு எழுதுங்கள் ஐயா.

6 மார்ச்

கணக்குப் போட்டுப் பார்த்தேன். போடாமல் இருந்திருக்கலாம்.

ஆளும் வண்டியும் சேர்த்து 84 கிலோ. 30 சதவீதச் சாய்வில் அந்தப் பாரம் பின்னால் இழுக்கும் விசை 237 நியூட்டன் அளவில் வருகிறது. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் போக சுமார் 330 வாட் வேண்டும். அதுவும் தரையோடு டயர் உரசும் இழப்பைச் சேர்க்காமல். லெஸ்டர்காரர் போல வாரம் 100 கிலோமீட்டர் ஓட்டும் ஒருவரால் நிதானமாக, விடாமல் கொடுக்க முடிவது 200 வாட் என்று வைத்துக்கொள்வோம். அந்த 200 வாட்டில் வேகம் மணிக்கு 3 கிலோமீட்டர்தான். 34-க்கு 32 பல்லில் பெடல் நிமிடத்துக்கு 23 சுற்று சுற்றும். அதற்குப் பெயர் மிதிப்பது இல்லை, தவணை முறையில் ஏறுவது.

இப்போது நான் சொன்ன 30-க்கு 36 பல்லைப் போடுங்கள். பெடல் 29 சுற்று. கால் கொஞ்சம் லேசாகிறது. ஆனால் வேகம்? அதே 3 கிலோமீட்டர்தான். பல் பலத்தை உண்டாக்குவதில்லை, இருக்கிற பலத்தைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கிக் கொடுக்கிறது, அவ்வளவே. 3 கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிள் நிற்காது, சாய்ந்துவிடும். ஆகவே 'எல்லாம் பல்லில்தான் இருக்கிறது' என்று மூன்று நாள் முன்னால் நான் அடித்துச் சொன்னது தவறு. பல்லும் வேண்டும். அது இல்லாமல் முட்டி போய்விடும்.

ஆறுதல் ஒன்று உண்டு. 30 சதவீதம் முழு நீளத்துக்கும் இல்லை. கீழே மரங்களுக்கு இடையில் ஒரு கடுமையான கட்டம், நடுவில் கொஞ்சம் தணிகிறது, பிறகு மேலே கொண்டை ஊசி வளைவுகள். 330 வாட்டை ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் எவரும் கொடுத்துவிடலாம். கீழ்க்கட்டத்தில் எல்லாவற்றையும் செலவழித்துவிட்டு மேலே வெறுங்கையோடு போய் நிற்பதில்தான் சிக்கல்.

7 மார்ச்

லீட்ஸ் நகரத்து வாசகியான சகோதரி ஒருவர் சண்டைக்கு வந்திருக்கிறார். வடக்கு யார்க் மூர்ஸில் இருக்கும் ரோஸ்டேல் சிம்னி பேங்க் சாலையும் 33 சதவீதம்தான், அதை விட்டுவிட்டு ஹார்ட்நாட்டுக்கு முடிசூட்ட நீ யார் என்கிறார். நியாயம். இரண்டும் அந்தப் பட்டத்தைப் பங்குபோட்டுக்கொள்கின்றன என்று திருத்திக்கொள்கிறேன். பெயரில் உள்ள சிம்னி, பழைய இரும்புச் சுரங்கக் காலத்துப் புகைபோக்கி. அது இப்போது இல்லை, ஏற்றம் இருக்கிறது. எனக்குப் பிடித்தது ஹார்ட்நாட். காரணம் கேட்கக் கூடாது.

இதில் ஒரு வேடிக்கை தெரியுமா? 2019-இல் வேல்ஸில் ஹார்லெக் ஊரின் ஒரு தெருவுக்கு உலகிலேயே செங்குத்தான தெரு என்று கின்னஸ் பட்டம் கொடுத்தது, 37.45 சதவீதம் என்று. அதுவரை பட்டத்தை வைத்திருந்தது நியூசிலாந்தின் டனிடின் நகரில் இருக்கும் பால்ட்வின் தெரு. அவர்கள் விடவில்லை. வளைந்த தெருவின் உள்விளிம்பில் அளந்தால் சாய்வு கூடுதலாகத்தான் தெரியும், நடுக்கோட்டில் அள என்று வாதாடினார்கள். 2020-இல் பட்டம் 34.8 சதவீதத்தோடு திரும்ப நியூசிலாந்துக்கே போய்விட்டது.

இந்தக் கதையில் லெஸ்டர்காரருக்கு ஒரு பாடம் இருக்கிறது. வளைவின் உள்பக்கம் குறைந்த தூரத்தில் அதே உயரத்தை ஏறுகிறது, ஆகவே அங்கே சாய்வு அதிகம். எதிரே வண்டி வரவில்லை என்று பார்த்துக்கொண்டு வெளிவிளிம்பில் திரும்புங்கள். பாரவண்டி மாட்டுக்காரருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அவர் மேட்டில் நேராக ஓட்டுவதே கிடையாது. ஆனால் அங்கே சாலை ஒற்றைத் தடம். வளைந்து வளைந்து ஏற வாய்ப்பு எப்போதாவதுதான் அமையும்.

12 மார்ச்

லெஸ்டர்காரர் நேரடியாகக் கேட்டுவிட்டார்: "நீங்கள் இறங்காமல் ஏறியிருக்கிறீர்களா?"

'4 தடவை பார்த்தவன்' என்று எழுதினேன். பார்த்தவன் என்ற சொல்லை யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். விவரம் இது. ஒரு தடவை காரில் போனேன், ஓட்டியது என் மைத்துனர், நான் கண்ணை மூடிக்கொண்டேன். மற்ற மூன்றும் சைக்கிளில். மூன்றிலும் கால் ஊன்றினேன்.

முதல் தடவை 2016 ஆகஸ்ட். ரேவன்கிளாஸில் ரயிலை விட்டு இறங்கி எஸ்க்டேல் வழியாக நிதானமாக வந்தேன். தொலைபேசிக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று வாழைப்பழம் தின்றேன், பலகையைப் படம் எடுத்தேன். எல்லாம் பெரிய வீரன் போல. கம்பிகள் மேல் டயர் தடதடத்து ஓய்வதற்குள் ஏற்றம் முகத்துக்கு நேரே எழுந்து நின்றது.

உட்கார்ந்து மிதித்தால் முன்சக்கரம் தரையை விட்டுக் கிளம்புகிறது. எழுந்து மிதித்தால் பின்சக்கரம் பிடி விட்டு வழுக்குகிறது. இரண்டுக்கும் நடுவில், சீட்டின் மூக்குநுனியில் பட்டும் படாமலும் உட்கார்ந்து, மார்பு ஹேண்டில்பாரைத் தொடுகிற மாதிரி குனிந்து மிதிக்க வேண்டும். அப்படிக் குனிந்தால் தெரிவது முன்டயருக்கு முன்னால் ஒரு முழத் தார்ச்சாலை மட்டும்தான். மூக்கு நுனியிலிருந்து வியர்வை விழுந்து வண்டியின் மேல்குழாயில் சொட்டு சொட்டாகத் தெறித்ததை எண்ணிக்கொண்டிருந்தேன். பதினேழு வரை எண்ணியது நினைவிருக்கிறது. சாலையோரத்துப் பெரணிச் செடியின் இலைகள் என் காதுக்கு நேராக இருந்தன. அந்த ஒரே செடி வெகுநேரம் என் பக்கத்திலேயே இருந்தது.

அப்போது மேலிருந்து ஒரு கார். கிளட்ச் தீய்ந்த வாசனை காருக்கு முன்னால் வந்தது. ஓட்டியவர் நல்ல மனிதர், வழிவிட்டு ஒதுங்கத்தான் பார்த்தார், ஒதுங்க இடமில்லை. கண்ணாடியைக்கூட மடக்கினார். என் வலது கால் தரையில் இருந்தது.

ஊன்றுவது பெரிய விஷயமில்லை. மறுபடி ஏறி உட்கார்வதுதான் முடியாத காரியம். ஒரு காலைப் பெடலில் வைத்து மறு காலை எடுப்பதற்குள் வண்டி பின்னால் வருகிறது. மூன்று தடவை முயன்றேன். மூன்றாவது தடவை முழங்கையில் தோல் போனது. குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்தது என்பார்களே, அந்தக் கதைதான். சாலைக்குக் குறுக்காக வண்டியைத் திருப்பி, அகலவாட்டில் இரண்டு சுற்று மிதித்து, பிறகு மேல்நோக்கித் திரும்ப வேண்டும் என்பது பின்னால்தான் தெரிந்தது.

மிச்சத்தைத் தள்ளிக்கொண்டே நடந்தேன்.

12 மார்ச், சற்றுப் பிறகு

காலணி பற்றி எழுத மறந்தேன். பெடலோடு கவ்விக்கொள்ளும் வகைக் காலணியில், அடியில் பிளாஸ்டிக் கட்டை வெளியே துருத்திக்கொண்டிருப்பதை அங்கே போடாதீர்கள். தள்ளும்போது பனிக்கட்டியில் நடப்பது போல வழுக்கும். கட்டை உள்ளடங்கிய மலைவண்டிக் காலணி போடுங்கள். இதை எழுதுவதே உங்களைத் தள்ளவைக்கத் திட்டமிடுவது போல இருக்கிறது. இருக்கட்டும்.

20 மார்ச்

'யார் இப்படி ஒரு இடத்தில் சாலை போட்டது' என்று ஒருவர் நொந்துகொண்டிருக்கிறார். ரோமானியர்கள். ரேவன்கிளாஸ் கடற்கரையிலிருந்து ஆம்பிள்சைடுக்குப் போன அவர்களுடைய பாதை இந்தக் கணவாயில்தான் மலையைத் தாண்டியது. இன்றைய தார்ச்சாலை எல்லா இடத்திலும் அந்தத் தடத்திலேயே போகவில்லை.

ஏற்றம் நடுவில் தணிகிறது என்றேனே, அங்கே இடது கைப்பக்கம் ஒரு ரோமானியக் கோட்டை இடிந்து கிடக்கிறது. ஹேட்ரியன் பேரரசராக இருந்த காலத்தில், அதாவது 117-க்கும் 138-க்கும் நடுவில் கட்டியது. சுற்றுச்சுவர், வாசல்கள், தானியக் கிடங்கு, வெளியே குளியல் கூடம், எல்லாவற்றின் அடித்தளமும் இன்றும் தெளிவாகத் தெரியும். காவலுக்கு இருந்தது டால்மேஷியப் படைப்பிரிவு. இன்றைய குரோஷியாவின் கடற்கரைக்காரர்கள். அட்ரியாட்டிக் வெயிலில் அத்திப்பழம் தின்று வளர்ந்தவனைக் கொண்டுவந்து இந்த மழையிலும் காற்றிலும் நிறுத்தியிருக்கிறார்கள். அவர்களுக்கு வெந்நீர்க் குளியல் கூடம் எவ்வளவு அவசியமாக இருந்திருக்கும் என்பது, 2018 அக்டோபரில் அங்கே நனைந்து நடுங்கிக்கொண்டு நின்றபோது எனக்குப் புரிந்தது. அது என் இரண்டாவது முயற்சி. மேல்வளைவு வரை போனேன், எதிர்க்காற்றில் நின்றுவிட்டேன்.

1880-களில் லேக் டிஸ்ட்ரிக்ட் விடுதிக்காரர்கள் குதிரைவண்டிச் சுற்றுலாவுக்காக இந்தச் சாலையைச் செலவு செய்து சீர்படுத்திப் பார்த்தார்கள். எடுபடவில்லை. இரண்டாம் உலகப் போரில் ராணுவம் வாகனப் பயிற்சிக்காக இந்தப் பகுதியை எடுத்துக்கொண்டு சாலையை உழுதே போட்டது. தார் போட்டதெல்லாம் போர் முடிந்து பழுதுபார்த்தபோதுதான்.

அதற்கு முன்னால், வெறும் கல்லும் மண்ணுமாக இருந்தபோதே, சைக்கிளில் போனவர்கள் இருக்கிறார்கள். சைக்கிள் சுற்றுலாச் சங்கத்தின் 1911 வழிகாட்டி இந்தப் பாதையைப் பற்றி, மேற்கே போவது கடினம், கிழக்கே வருவது கொடூரம் என்கிறது. எஸ்க்டேலிலிருந்து ஏறினால் கிழக்கே வருகிறீர்கள். லெஸ்டர்காரரே, உங்கள் திசையைத்தான் சொல்கிறார்கள். கியர் மாற்றும் வசதி பெரும்பாலான வண்டிகளில் இல்லாத காலம் அது. அவர்கள் தள்ளித்தான் இருப்பார்கள்.

22 மார்ச்

"பல்சக்கரத்தைப் பற்றிக் கேட்டால் பேரரசரைப் பற்றிச் சொல்கிறார்." சரி, ஒப்புக்கொள்கிறேன்.

பல்சக்கரத்துக்கே வருகிறேன். பின்னால் 36 பல் மாட்டுவதற்கு முன், கியர் மாற்றியின் கை எவ்வளவு நீளம் என்று கடையில் காட்டிக் கேளுங்கள். குட்டைக் கையாக இருந்தால் அதையும் மாற்ற வேண்டும். செயினும் போதாது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். நான் இதைக் கேட்காமல் மாட்டி, ஒரு கடைக்காரரும் 'ஓடும்' என்று சொல்லி, வீட்டு வாசலிலேயே செயின் இறுகிப் பின்கியர் முறுக்கிக்கொண்டது.

2 ஏப்ரல்

ஃபிரெட் விட்டன் சவாரியில் எப்படி ஏறுகிறார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். 1999-இல் தொடங்கியது. லேக்ஸ் ரோடு கிளப் என்ற சைக்கிள் சங்கத்தின் பந்தயச் செயலாளராக இருந்து இறந்தவரின் நினைவாக நடக்கிறது. ஒரே நாளில் 112 மைல், பல கணவாய்கள். இரக்கமே இல்லாமல் ஹார்ட்நாட்டை 98 மைலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். நான் ஓட்டியதில்லை. ஒரு வருடம் வேடிக்கை பார்க்கப் போனேன். பாறைமேல் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டு பார்க்க அருமையான இடம். பலர் தள்ளிக்கொண்டுதான் போனார்கள். மிதித்துப் போன ஒருவரும் தள்ளிப் போன ஒருவரும் ஒரே வேகத்தில் பக்கத்துப் பக்கத்தில் பேசிக்கொண்டே என்னைக் கடந்தார்கள். பேசியது தள்ளியவர் மட்டும்தான்.

அதைப் பார்த்த பிறகு என் நிபந்தனையைப் பற்றி ஒரு சந்தேகம் வந்தது. வீட்டுக்கு வருவதற்குள் போய்விட்டது.

இன்னொன்று. உச்சியில் பாட்டு முடிந்துவிடவில்லை. கிழக்குப் பக்கம் காக்லி பெக் பாலம் வரை இறக்கமும் அதே செங்குத்து. ஏற்றத்தில் விழுந்தால் முழங்கைத் தோலோடு போகும், இறக்கத்தில் அப்படி இல்லை. என் பழைய வண்டியில் பிரேக் கட்டை ரிம்மைப் பிடிக்கும் வகை. ஈரத்தில் பிடித்தேன், முதல் இரண்டு நொடி ஒன்றுமே நடக்கவில்லை. அந்த இரண்டு நொடியை நான் மறக்கவில்லை. பாதி இறக்கத்தில் விரல்கள் மரத்துப்போய்ப் பிரேக்கைப் பிடித்திருக்கிறேனா இல்லையா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இறக்கத்தில் கால் ஊன்றுவதற்கு எந்த விதியும் இல்லை, தாராளமாக ஊன்றலாம், நடக்கலாம். டிஸ்க் பிரேக் இருந்தால் நல்லது.

பாலத்தைத் தாண்டினால் ரைனோஸ் பாட்டம் என்ற நீளமான பள்ளத்தாக்கு, பிறகு ரைனோஸ் கணவாய். உச்சியில் மூன்று பழைய மாவட்டங்கள் சந்தித்த இடத்தில் ஒரு கல்தூண் நிற்கிறது. ஹார்ட்நாட்டுக்குப் பிறகு அது தம்பிதான், ஆனால் அண்ணனிடம் அடி வாங்கிய கையோடு தம்பியிடம் போகிறீர்கள் என்பதை மறக்காதீர்கள்.

19 ஜூன்

லெஸ்டர்காரர் போய்வந்துவிட்டார். அவர் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன். பின்னால் 36 மாட்டினார், முன்னால் 34-ஐ மாற்றவில்லை. காலை ஆறரைக்கே கிளம்பியதால் கார்கள் இல்லை. கீழ்க்கட்டம் ஏறிவிட்டார். கோட்டையருகே சாலையிலேயே வட்டமடித்து மூச்சு வாங்கினார், ஊன்றவில்லை. மேலே இரண்டாவது கொண்டை ஊசியில் உள்பக்கமாகத் திரும்பிவிட்டார். வெளிப்பக்கம் என்று நான் மார்ச் 7-ஆம் தேதியே எழுதினேன். நின்றது. பத்தடி நடந்தார், குறுக்காகத் திருப்பி ஏறினார், உச்சி வரை மிதித்தார். மனைவியும் மகளும் உச்சியில் காரில் காத்திருந்து கைதட்டினார்களாம். "உங்கள் கணக்குப்படி நான் ஏறவில்லை, என் மகள் கணக்குப்படி ஏறிவிட்டேன்" என்று முடித்திருக்கிறார்.

மகள் கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள். என் கணக்கு எனக்கு.

அதிகாலையில் போவது பற்றி நான் ஒரு வார்த்தை எழுதவில்லை என்று இப்போதுதான் கவனிக்கிறேன். வாட், பல், பேரரசர் என்று அளந்துவிட்டு, என்னை முதல் தடவை நிறுத்தியது எதிரே வந்த கார் என்பதையே மறந்திருக்கிறேன். மூன்றாவது தடவை நிறுத்தியதும் கார்தான். கடிகாரத்தில் மணி பார்த்திருந்தால் போதும்.

11 செப்டம்பர்

நேற்று போனேன். ஐந்தாவது தடவை, சைக்கிளில் நான்காவது. முன்னால் 30, பின்னால் 36. காலை 6.50-க்குத் தொலைபேசிக் கூண்டு. வாழைப்பழம் இல்லை, படம் இல்லை.

இரவு மழை பெய்திருந்தது. கம்பித் தடுப்பு ஈரத்தில் மின்னியது. ஈரக் கம்பியில் ஒருமுறை விழுந்தவரைப் பார்த்திருக்கிறேன், எலும்பு போனது. இறங்கி, வண்டியைப் பிடித்துக்கொண்டு ஐந்து எட்டு நடந்து அந்தப் பக்கம் போய் ஏறி உட்கார்ந்தேன்.

பிறகு ஊன்றவில்லை. கீழ்க்கட்டத்தில் வேண்டுமென்றே மெதுவாகப் போனேன். கோட்டையருகே ஒரு ஹெர்ட்விக் ஆடு நடுச்சாலையில் படுத்திருந்தது. கெஞ்சினேன், தமிழில்தான். எழுந்திருக்கவில்லை, காதை மட்டும் ஆட்டியது. சுற்றிக்கொண்டு போனேன். மேல்வளைவுகளில் வெளிவிளிம்பு, வெளிவிளிம்பு என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே திரும்பினேன். கடைசி வளைவில் முன்சக்கரம் இரண்டு முறை கிளம்பி இரண்டு முறை உட்கார்ந்தது. உச்சிக்குப் பிறகும் நம்பிக்கை வராமல் ஐம்பது அடி தாண்டிப் போய்த்தான் நிறுத்தினேன்.

இப்போது வழக்கு இதுதான். அடிவாரத்துக் கம்பித் தடுப்பில் நான் ஊன்றிய கால் கணக்கில் வருமா? லீட்ஸ் சகோதரி வரும் என்கிறார், மார்ச் 3-ஆம் தேதி நான் எழுதியதை அப்படியே எடுத்துப் போட்டு, 'ஒரு நொடி' என்ற சொல்லுக்குக் கீழே கோடும் இழுத்திருக்கிறார். லெஸ்டர்காரர் ஏற்றமே கம்பிக்கு அப்புறம்தான் தொடங்குகிறது என்று எனக்காக வாதாடுகிறார், பெருந்தன்மையான மனிதர். 30 சதவீதப் பலகை கம்பிக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்று தெரிகிற படம் யாரிடமாவது இருந்தால் போடுங்கள். 2016-இல் நான் எடுத்ததில் என் முகம்தான் பெரிதாக இருக்கிறது.